பேருக்கு ஒரு வேட்பாளர்

"எங்க வீட்டு ஓட்டு உங்களுக்குத்தான்."

ரொட்டிக் கடை வரிசையில் முன்னால் நின்ற ஆள் திரும்பி இப்படிச் சொன்னதும் க்விலிம் ப்ரொதரோவின் கையிலிருந்த பை நழுவிக் கீழே விழுந்தது.

"எந்த ஓட்டு?"

"வியாழக்கிழமை ஓட்டு. பிரின்ஹவோட் வார்டு. நீங்கதானே நிக்கிறீங்க? முப்பத்தாறாம் நம்பர் பஸ் க்விலிம்?"

"நிக்கிறேன். ஆனா..."

"என் பொண்டாட்டியும் போடுறா. அவ தங்கச்சியும்." அந்த ஆள் அவர் கையைப் பிடித்து இரண்டு குலுக்குக் குலுக்கிவிட்டு, ரொட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

மூன்று ஓட்டு. க்விலிமுக்கு வியர்த்தது.

தோற்பதில் அவர் தேர்ந்தவர். ஸ்வான்சீ நகர மன்றத் தேர்தலில் இதற்கு முன் மூன்று முறை நின்றிருக்கிறார். முப்பத்தொன்று, இருபத்தேழு, நாற்பது. வாங்கிய ஓட்டுகள் அவ்வளவுதான். எல்லா வார்டிலும் தன் பெயர் ஓட்டுத் தாளில் இருக்க வேண்டும் என்று கட்சிக்கு ஆசை. ஜெயிக்க வழியே இல்லாத இடத்தில் நிற்க மானமுள்ளவன் எவனும் வரமாட்டான். அந்த இடங்களுக்கு க்விலிம் இருந்தார். கட்சியின் தேர்தல் முகவர் டில்வின் வேட்புமனுவில் விரல் வைத்துக் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுவார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு முறைகூடப் படித்ததில்லை. பிரசாரம் கிடையாது, துண்டறிக்கை கிடையாது. எண்ணிக்கை நாளன்று போய் டீ குடித்துவிட்டு, தோற்றுவிட்டு வருவார்.

முந்தைய மூன்றும் கடலோரத்துப் பெரிய வீட்டுக்காரர்களின் வார்டுகள். வீட்டுக்கு இரண்டு கார். அங்கே எவருக்கும் பஸ் டிரைவரைத் தெரியாது. இந்த வருஷம் எல்லைகளை மாற்றி, மேட்டு வார்டையும் பள்ளத்து வார்டையும் சேர்த்து பிரின்ஹவோட் என்று ஒன்றாக்கியிருந்தார்கள். அதற்கு ஆள் கிடைக்காமல் டில்வின் அவரைப் போட்டுவிட்டான். முப்பத்தாறாம் நம்பர் பஸ் முப்பத்து நான்கு வருஷமாக ஏறி இறங்கியது அந்த மேட்டில்தான் என்பது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

வெளியே வந்ததும் டில்வினுக்குப் போன் போட்டார்.

"எனக்கு ஓட்டு விழப்போகுதுடா."

"நல்லதுதானே?"

"என்ன நல்லது? மூணு பேர் நிக்கிறோம். எலினெட் ராஸர் இருபது வருஷமா கவுன்சிலர். டெகிட் ரிட்டயர்டு வாத்தியார், ஆறு மாசமா வீடு வீடா நடக்கிறார். நான் மூணாவதா வரணும். அதானே பேச்சு?"

"அதான் பேச்சு. மூணு ஓட்டுக்கா பயப்படுறே?"

"ஒருவேளை ஜெயிச்சுட்டா, ராஜினாமா பண்ணிடலாமா?"

"பண்ணலாம். மறுபடி தேர்தல் வைப்பாங்க. பேப்பர்ல உன் மூஞ்சி வரும். பிரின்ஹவோட்காரங்களை ஸ்டாப்புல நிக்கவெச்சுட்டு பஸ்ஸை எடுத்துட்டுப் போயிட்டான்னு எழுதுவான்."

வாழ்க்கையில் பெருமைப்பட அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்று. ஓடி வருகிற ஒரு ஆளைக்கூட அவர் ஸ்டாப்பில் விட்டுவிட்டுப் போனதில்லை. ராஜினாமா அவரால் ஆகாது. ஆகவே தோற்க வேண்டும். தோற்றே ஆக வேண்டும், ஏனென்றால் வீட்டில் மென்னா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

மென்னா முப்பது வருஷம் ராச்சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிட்டவள். க்விலிம் ஒரு நேரத்தில் ஒன்பது கமிட்டிகளில் இருந்தார். டார்ட்ஸ் கமிட்டி, ரக்பி கிளப் கமிட்டி, தோட்டக்காரர்கள் கமிட்டி, யூனியன் கமிட்டி. கமிட்டிகளைக் குறைப்பது பற்றி ஆராய ஒரு கமிட்டி, அதிலும் இருந்தார். மார்ச்சில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மென்னா ஒன்பது ராஜினாமாக் கடிதங்களைத் தானே எழுதி, அவரை உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கினாள். பிறகு அபெரைரனில் கடலைப் பார்த்த ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்தாள். திங்கட்கிழமை காலை சாமான் வண்டி வருகிறது.

தேர்தலில் நிற்பதை அவர் சொன்னபோது மென்னா தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"பேருக்குத்தானே?"

"பேருக்குத்தான் கண்ணு."

"ஜெயிச்சுட்டா?"

"ஜெயிக்கிற வியாதி எனக்குக் கிடையாது."

"க்விலிம், நல்லாக் கேட்டுக்கோ. நகர மன்றத்துல பதினேழு கமிட்டி இருக்கு. நான் எண்ணிப் பார்த்தேன். நீ கவுன்சிலராத் திரும்பி வந்தா திங்கட்கிழமை வண்டி கிளம்பும், அதுல நான் இருப்பேன். உன் நாற்காலி இருக்காது."

மென்னா சொன்னால் செய்வாள். டார்ட்ஸ் போர்டை அவள் ஏற்கனவே குப்பைக்காரனிடம் கொடுத்துவிட்டிருந்தாள்.

அன்று மதியமே க்விலிம் முப்பத்தாறில் ஏறி பிரின்ஹவோட் போனார். காரியம் சுலபம். மக்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள், நேரில் போய்த் திருத்திவிட்டால் போதும். மீன் வறுவல் கடை வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் நடுவே போய் நின்றார்.

"நான்தான் க்விலிம். தயவுசெஞ்சு எனக்கு ஓட்டுப் போடாதீங்க."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன்?" என்றாள் கையில் வறுவல் பொட்டலத்தோடு நின்ற ஒருத்தி.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. குப்பைத்தொட்டி எந்தக் கிழமை எடுக்கணும்னுகூடத் தெரியாது."

"இருக்கிற கவுன்சிலருக்கும் தெரியாது. என்ன, தெரியும்னு சொல்லிக்கிறாங்க."

"நீங்க போன் பண்ணா எடுக்கமாட்டேன்."

"யாருதான் எடுக்கிறா? முன்னாடியே சொல்றியே, அந்த மட்டுக்கும் மரியாதை."

"ரோட்டுப் பள்ளம் எதையும் என்னால மூட முடியாது."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவன் கைதட்டினான். "இருபது வருஷமா மூடுறேன் மூடுறேன்னே கேட்டுட்டு இருக்கோம். முடியாதுன்னு சொல்ற முதல் ஆளு நீதான்யா!"

"திங்கட்கிழமை நான் அபெரைரனுக்குக் குடிபோறேன்!" என்று க்விலிம் கத்தினார்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஒருவன் அவர் தோளைத் தட்டினான். "பஸ்ஸுலயும் இப்படித்தான். மூஞ்சியைச் சிரிக்காம வெச்சுக்கிட்டே நக்கல் பண்ணுவாரு."

பொட்டலக்காரி அவருக்கு ஒரு மீனை எடுத்து நீட்டினாள். "சாப்பிடு. நாலு நவம்பருக்கு முன்னாடி மழையில எனக்காக வண்டியைப் பின்னாடி எடுத்தியே, அதுக்கு."

மீன் நன்றாகத்தான் இருந்தது. க்விலிம் தளரவில்லை. வழி தப்பு, அவ்வளவுதான் என்று முடிவு செய்தார். தன்னைத் தாழ்த்திப் பயனில்லை, எதிரியை உயர்த்த வேண்டும்.

புதன்கிழமை காலை எலினெட் ராஸரின் அலுவலகத்துக்குப் போய் அவளுடைய துண்டறிக்கைகள் ஒரு கட்டு கேட்டார். அங்கிருந்த பெண், வந்தவர் யாரென்று தெரியாமல் ஐந்நூறைக் கொடுத்தாள். மேட்டுத் தெரு முழுக்கக் கதவு கதவாக அதைச் செருகிக்கொண்டே போனார். 'எலினெட்: உங்களுக்குத் தெரிந்த முகம்.' தன் பையிலிருந்து பேனா எடுத்துச் சிலவற்றில் 'மிகவும் நல்லவர்' என்றும் எழுதினார்.

நாற்பத்தொன்றாம் எண் வீட்டில் கதவின் தபால் துளைக்கு அந்தப் பக்கம் ஒரு நாய் காத்திருந்தது.

வீட்டுக்காரி அவர் விரலில் கட்டுப் போட்டுவிட்டாள். போடும்போதுதான் துண்டறிக்கையைப் பார்த்தாள்.

"இது எலினெட்டோடது ஆச்சே?"

"ஆமா. நல்ல பொம்பளை. அவங்களுக்கே போடுங்க."

"நீங்க அவங்களை எதிர்த்துத்தானே நிக்கிறீங்க?"

"அதனாலதான் சொல்றேன்."

அவள் கண் கலங்கிவிட்டது. கட்டுப் போட்ட விரலோடும் எலினெட்டின் படத்தோடும் அவரை நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்தாள். மாலைக்குள் அது பிரின்ஹவோட் முகநூல் குழுவில் ஏறியிருந்தது. 'இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனுஷன்.' அதற்கு அறுநூறு லைக். நாய்க்குத் தனியாக எழுபது.

இரவு எலினெட்டே கூப்பிட்டாள்.

"யோவ் க்விலிம், இருபது வருஷத்துல என் சொந்தப் புருஷனே என் நோட்டீஸ் போட்டதில்ல. என்ன வேணும் உனக்கு?"

"நீ ஜெயிக்கணும்."

"போய்யா! நான் தபால் ஓட்டு அனுப்பியாச்சு. உனக்கும் போட்டிருக்கேன்."

"பைத்தியமா உனக்கு? உனக்கு யாரு போடுவா?"

"எனக்குப் போடாமயா?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

கிண்டல் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். இருபது வருஷம் அரசியலில் இருந்தால் அப்படித்தான் ஆகும்.

வியாழக்கிழமை கொட்டிய மழையைப் பார்த்து க்விலிமுக்கு ஒரு யோசனை வந்தது. எலினெட்டின் ஆதரவாளர்களுக்கு வயதாகிவிட்டது. மழையில் அவர்கள் வராமல் போனால் ஆபத்து. டிப்போவில் பழைய நண்பனிடம் ஒரு மினி பஸ்ஸை வாங்கிக்கொண்டு, முதியோர் குடியிருப்பிலிருந்து ஓட்டுச்சாவடி வரை பதினோரு நடை அடித்தார். ஏற்றி, இறக்கி, குடை பிடித்து, திரும்பக் கொண்டுபோய் விட்டார். ஒவ்வொரு நடையிலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒரே பிரசங்கம்: "எலினெட்டுக்குப் போடுங்க. எலினெட்டை மறந்துடாதீங்க."

"மறப்போமா? எலினெட்டுக்கு உண்டு" என்றார்கள் எல்லாரும். இறங்கும்போது எல்லாரும் அவர் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள்.

கடைசி நடை முடிந்தபோது நனைந்த குடையோடு டெகிட் சாவடி வாசலில் நின்றிருந்தார். ஆறு மாதம் நடந்ததில் அவருடைய செருப்பு ஒரு பக்கம் தேய்ந்திருந்தது.

"நீங்க எதுவுமே செய்யமாட்டீங்கன்னு சொன்னாங்க" என்றார் டெகிட்.

"நான் எதுவும் செய்யலையே" என்றார் க்விலிம், மினி பஸ்ஸிலிருந்து சக்கர நாற்காலி ஒன்றை இறக்கியபடி.

வெள்ளிக்கிழமை காலை எண்ணிக்கை. விளையாட்டு அரங்கின் உள்ளே வரிசையாக மேசைகள். க்விலிம் எந்த மேசைக்கும் போகவில்லை. பேருக்கு நிற்பவனின் இடம் டீ பாய்லர் பக்கம் என்பது அவருடைய கொள்கை. தட்டில் வெல்ஷ் கேக் அடுக்கியிருந்தார்கள். மூன்றாவதைக் கடித்துக்கொண்டிருந்தபோது டில்வின் ஓடி வந்தான். பன்னிரண்டு வார்டுக்கு அவன் ஒருவன்தான் முகவர். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"க்விலிம், நீ முதல்ல இருக்கே."

"எந்த வரிசையில?"

"எண்ணிக்கையிலடா! நீ எண்ணூத்தி எழுபத்தி நாலு. எலினெட் எண்ணூத்தி எழுபத்தி மூணு. டெகிட் அறுநூத்தி அம்பது. இன்னும் அறிவிக்கல. தயாரா இரு."

க்விலிம் கேக்கைத் தட்டில் திரும்ப வைத்தார். ஒரு ஓட்டு. மென்னா இந்நேரம் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருப்பாள். ஒன்றைத் தனியாக எடுத்துவைக்க அவளுக்கு ஒரு நிமிஷம் போதும். டில்வின் அடுத்த வார்டுக்கு ஓடிவிட்டான். க்விலிம் நேராகத் தேர்தல் அதிகாரியிடம் போனார்.

"மறுபடி எண்ணணும்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினாள். "நீங்கதானே முன்னிலையில இருக்கீங்க?"

"அதுல எனக்குச் சந்தேகம் இருக்கு."

"தோத்தவங்க கேட்டுப் பார்த்திருக்கேன். முதல்ல இருக்கிறவர் கேட்டு இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

"கேட்க உரிமை இருக்கா இல்லையா?"

"இருக்கு" என்றாள் அவள், உரிமை இருப்பதற்காக வருத்தப்படுகிறவள் போல.

எண்ணினார்கள். மாறவில்லை. பிறகு சந்தேகத்துக்குரிய தாள்கள் வந்தன. அவர் கணக்கில் சேர்த்திருந்தவை மூன்று.

முதல் தாளில் க்விலிமின் பெயருக்கு நேரே, குறி போடுகிற இடத்தில், 'ஆமாம்' என்று எழுதியிருந்தது.

"இது தெளிவா இருக்கு" என்றாள் அதிகாரி.

"எதுக்கு ஆமாம்? கேள்வியே இல்லையே?"

"சார், இது உங்க ஓட்டு. வெச்சுக்குங்க."

இரண்டாவதில் கட்டத்துக்குள் ஒரு சிரித்த முகம்.

"இது சிரிப்பு இல்ல மேடம். நக்கல். உத்துப் பாருங்க, ஒரு புருவம் தூக்கியிருக்கு. இது மனசாரப் போட்ட ஓட்டா? என் மூஞ்சியைப் பார்த்துச் சிரிச்சிருக்கான்."

அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எலினெட்டின் முகவர் ஆவலோடு தலையாட்டினான். நீண்ட யோசனைக்குப் பிறகு அவள் அதைச் செல்லாத பக்கம் வைத்தாள். எண்ணூற்று எழுபத்து மூன்று. சமம்.

மூன்றாவது தாளில் எலினெட்டுக்கு நேரே ஒரு பெருக்கல் குறி. க்விலிமுக்கு நேரே அழகாக வரைந்த ஒரு பஸ்.

இரண்டு பேருக்கும் குறி இருந்தால் தாளே செல்லாது அல்லவா என்று க்விலிமுக்குத் தோன்றியது. சொன்னால் எலினெட்டின் ஓட்டும் போய்விடும். வாயை மூடிக்கொண்டு பஸ்ஸைப் பற்றி மட்டும் பேசினார்.

"எலினெட்டோடது சுத்தமா இருக்கு, அதைத் தொடாதீங்க. இந்த பஸ்ஸைப் பாருங்க. கதவு மூடியிருக்கு. புகை பின்னாடி போகுது. அப்படின்னா பஸ் கிளம்பிடுச்சு. 'நீ போய்ச் சேரு'ன்னு அர்த்தம்."

"முப்பத்தாறுன்னு நம்பர்கூடப் போட்டிருக்காங்களே?"

"அதனாலதான் சொல்றேன். முப்பத்தாறுல ஏறி நான் ஊரைவிட்டுப் போகணும்னு ஆசைப்படுறாங்க."

அதிகாரி தாளைக் கீழே வைத்தாள். "முப்பது தேர்தல் நடத்தியிருக்கேன் சார். தன் ஓட்டை எதிர்த்து இவ்வளவு நல்லா வாதாடினவங்களைப் பார்த்ததில்ல." பஸ்ஸை நீக்கி, எலினெட்டின் குறியை மட்டும் ஏற்றுக்கொண்டாள்.

எண்ணூற்று எழுபத்திரண்டு. எலினெட்டுக்கு எழுபத்து மூன்று.

க்விலிம் டீ பாய்லருக்குப் பின்னால் போய், வீட்டுக்குப் போன் போட்டார்.

"மென்னா! ரெண்டாவது! நான் ரெண்டாவது!"

அந்தப் பக்கம் பெட்டி ஒன்று தரையில் இறங்கும் சத்தம். "நிஜமா?"

"ஒரே ஓட்டு வித்தியாசம். நானே போராடி வாங்கினேன்."

மென்னா மூக்கை உறிஞ்சினாள். "உன் நாற்காலியை வண்டிக்கு எடுத்து வெக்கவா?"

"முதல்ல ஏத்து கண்ணு. ஜன்னல் பக்கம் போடணும், சொல்லிட்டேன்."

போனை வைத்துவிட்டு அவர் அந்த இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினார். இன்னொரு சுற்றும் சுற்றினார். அரங்கின் மறுகோடியில் ஒலிபெருக்கி பிரின்ஹவோட் முடிவைப் படிக்கத் தொடங்கியது. மேடையில் எலினெட் நின்று இவரைப் பார்த்துக் கை அசைத்துக் கூப்பிட்டாள். டில்வின் மேசைகளுக்கிடையே இடித்துக்கொண்டு ஓடி வந்து கொண்டிருந்தான். தோற்றவனுக்கு மேடை எதற்கு? க்விலிம் பெருந்தன்மையாகத் திரும்பக் கையசைத்துவிட்டு, பக்கத்தில் சுவரோடு சாய்ந்து நின்ற டெகிட்டை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

"விடுங்க சார், மனசை விடாதீங்க! தோல்வியெல்லாம் ஒண்ணுமே இல்ல. என்னைப் பாருங்க, எவ்வளவு சந்தோஷமா இருக்கேன்!"

டெகிட் அவர் கையைத் தோளிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டார்.

"வார்டைச் சேர்த்ததுல இந்தத் தடவை ரெண்டு சீட்டு. ஆளுக்கு ரெண்டு ஓட்டு. ரெண்டு சீட்டுக்கு மூணு பேர் நின்னதுல தோத்தது நான் ஒருத்தன்தான். நீங்க எதுக்கு இந்தக் குதி குதிக்கிறீங்க, கவுன்சிலர்?"